முகம் காட்ட மாட்டோம்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு வந்தால் பிணமாய்க் கனக்கும். இருட்டு விலகாத நேரத்தில் வண்டி வந்து நிற்கும். மூட்டைகளை இறக்கி, கட்டை அவிழ்த்து, ரத்தம் பட்டதைத் தனியாக, மருந்துக் கறையைத் தனியாக, வெறும் வியர்வை நாற்றத்தைத் தனியாகப் பிரித்துப் போடுவது என் வேலை. சில நாள் விரிப்புக்குள் ஊசி இருக்கும். ஒருநாள் யாருடைய பல்செட்டோ இருந்தது. பிரித்ததை அள்ளி ஆளுயர இயந்திரத்தின் வயிற்றில் திணித்து, ப்ளீச் தண்ணீரைத் திறந்துவிட்டால் கண்ணும் மூக்கும் பற்றி எரியும். என்னை எல்லாரும் மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அது என் சிவந்த கண்ணுக்காக இல்லை, வாய்க்காக.

நான் துவைத்துத் தள்ளுவதை ரோலர் அக்கா இஸ்திரி போடுவாள். நீராவியில் கொதிக்கும் நீளமான இரும்பு உருளை அது. இந்தப் பக்கம் ஈரத்துணியை நீவிக் கொடுத்தால் அந்தப் பக்கம் சுடச்சுடச் சுருக்கமில்லாமல் வரும். அந்தப் பக்கம் நின்று வாங்கி மடித்து அடுக்குகிறவள் புதுசு. அவள் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. அவளுக்குப் பின்னால் வந்த எவரும் இந்தச் சூட்டில் நிலைக்கவில்லை என்பதால் பெயர் அப்படியே தங்கிவிட்டது. பின்கட்டில் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் பாய்லர் மாமா. இன்னும் முப்பது நாற்பது பேர் இருந்தோம். எங்கள் எல்லாருக்கும் மேலே மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சை. ஏன் என்று சொல்கிறேன். சொல்லும்போதே எனக்கு வயிறு எரியும்.

முன்பெல்லாம் வருகையைப் பதிய, வாசல் சுவரில் கட்டைவிரல் வைக்கும் கருவி இருந்தது. ப்ளீச்சிலும் சலவைச் சோடாவிலும் ஊறி ஊறி எங்கள் விரல்களில் ரேகை தேய்ந்துபோனது. விரலை வைத்தால் அப்படி ஓர் ஆளே இல்லை என்று கருவி அடம் பிடிக்கும். "கையை நல்லா வச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டார் முதலாளி. அவர் வாங்கிப்போட்ட மருந்து தின்ற ரேகைக்கு நாங்கள் பதில் சொல்லவேண்டுமாம்.

பிறகு கருவியைக் கழற்றிவிட்டு, போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். யாருடைய போனில்? எங்கள் போனில். ஒவ்வொரு மணிக்கும் அது வீலென்று கத்தும். கத்தி ஓய்வதற்குள் வேலை செய்யும் இடத்தில் நின்றபடியே முகத்தைக் காட்டவேண்டும். முகம் பிடிபட்டால் திரையில் பச்சை விழும், இல்லாவிட்டால் சிவப்பு. இரண்டு சிவப்பு விழுந்தால் அரைநாள் கூலி போயிற்று. மேற்பார்வையாளர் மணிக்கு மணி சுற்றிவந்து, "பச்சை வந்துச்சா? உனக்குப் பச்சை வந்துச்சா?" என்று எல்லாரையும் கேட்பார். பெயர் வந்த கதை இதுதான்.

எங்கள் போன்களின் லட்சணம் வேறு. என் போன் வீட்டுக்காரரிடம் இருந்து மகனிடம் போய், அவன் தூக்கிப்போட்ட பிறகு என்னிடம் வந்தது. வயரை ஒரு பக்கமாக வளைத்து, மேலே கல்லை வைத்தால்தான் சார்ஜ் ஏறும். அக்காவின் போனில் திரை விரிசல் விட்டு அவள் முகம் மூன்றாகத் தெரியும். புதுசுவின் போன் முதுகு உப்பி, மூடி நிற்காமல் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள். மாமாவின் போன் சூடேறித் தானாகவே அணைந்துபோகும். "மாமா, உங்க கொதிகலனுக்கும் போனுக்கும் என்ன போட்டி?" என்று கேட்டால், "கொதிகலனாவது நான் சொன்னா கேக்கும்மா" என்பார். சிரிப்போம். சிரித்துவிட்டு, பழுது பார்க்கிற கடையில் போய் நிற்போம். வேலை முதலாளியுடையது, வேலை செய்யும் கருவி மட்டும் எங்கள் செலவு. கேட்டால் ஒரே பதில்தான்: "உங்க போன், உங்க பொறுப்பு."

இவ்வளவும் போதாதென்று நீராவி. இடுப்பில் ரப்பர் அங்கி, உடம்பெல்லாம் ஈரம். போனை மேலே வைத்துக்கொள்ள முடியாது. சன்னல் மேடையில் வைத்தால் குளிர்ந்துபோகும். குளிர்ந்த போனை ஆவிக்குள் எடுத்ததும் கண்ணாடி மூடிக்கொள்ளும். துடைக்கத் துடைக்க மூடும். அது கத்திக்கொண்டே இருக்கும், நாம் துடைத்துக்கொண்டே இருப்போம், சிவப்பு விழும்.

வழி கண்டுபிடித்தவள் புதுசு. உருளையிலிருந்து வந்த சூடான தலையணை உறை ஒன்றுக்குள் போனைச் செருகி, உறைகளின் அடுக்கிலேயே வைத்தாள். இதமான சூட்டில் இருந்த போனை எடுத்தபோது கண்ணாடி மூடவில்லை. முதல் தடவையிலேயே பச்சை. அதற்கு நாங்கள் வைத்த பெயர் போனைத் தூங்கவைப்பது. "என் போன் தூங்குதுடி, எழுப்பிக் குடு" என்போம். பச்சைக்கும் இது பிடித்துப்போனது. "ஏம்மா, எல்லாரும் அந்தப் பொண்ணு மாதிரி உறைக்குள்ள வைங்க. எனக்கு மேல இருக்கறவனுக்கு நான் பதில் சொல்லவேண்டாமா?" என்று அவரே ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்திருக்கிறோம்.

அன்று ஆஸ்பத்திரியில் இருந்து அவசரம் என்று தகவல். பச்சை அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். புதுசு மடித்து அடுக்கியிருந்த உறைகளைத் தொட்டுப் பார்த்தார்.

"இது இன்னும் ஈரமா இருக்கு. திருப்பி ஓட்டு" என்று ஓர் அடுக்கை அப்படியே அள்ளிக்கொண்டு போய் அக்காவின் பலகையில் போட்டார். புதுசு அப்போது விரிப்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றப் போயிருந்தாள். அந்த அடுக்கில்தான் அவளுடைய போன் தூங்கிக்கொண்டிருந்தது.

விரிப்பு என்றால் அக்கா உதறிவிட்டுத்தான் கொடுப்பாள். உறையை யாரும் உதறுவதில்லை. வரிசையாக வைத்து, கையால் தள்ளிவிடுவதுதான் வழக்கம். கை பார்த்துத்தான் தள்ளும். உள்ளே என்ன இருந்தாலும் அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து மணி ஆனது. சுற்றிலும் எல்லாப் போனும் வீலென்று கத்தின, அக்காவின் போனும் கத்தியது; அந்தக் கூச்சலில் உறைக்குள் கத்தியது தனியாகக் கேட்கவில்லை. அவளுக்கு ஏற்கெனவே ஒரு சிவப்பு விழுந்திருந்தது. இடது கையில் போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வலது கையால் உறைகளைத் தள்ளினாள்.

உருளை வாயில் ஏதோ நெரிபடும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி உறை பலூன்போல உப்பி, வெள்ளையாக ஒரு தீ சீறியது. அக்கா கையை இழுப்பதற்குள் எரிந்துகொண்டிருந்த துணி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அவள் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் ஓடிப்போய் உருளையை நிறுத்தினேன். மாமா ஆவிக் குழாயை அடைத்துவிட்டு வாளித் தண்ணீரோடு வந்தார். துணியைப் பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

தரையில் கிடந்த அக்காவின் போனை எடுத்துப் பார்த்தேன். விரிசல் விட்ட திரையில் பச்சை விழுந்திருந்தது. அந்த மணிக்கு அவள் சரியாக வேலைக்கு வந்திருக்கிறாளாம். அதற்கடுத்த மணிகளுக்கெல்லாம் சிவப்பு. கை வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள் முகம் காட்டவில்லை என்று அரைநாள் கூலியைப் பிடித்தது அந்தச் செயலி. அதை எழுதினவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால், ப்ளீச் தொட்டியில் முக்கி எடுத்திருப்பேன்.

சாயங்காலம் நானும் புதுசுவும் மாமாவும் பார்க்கப் போனோம். அக்கா படுத்திருந்த விரிப்பு நாங்கள் துவைத்தது. கை முழுக்கக் கட்டு. உள்ளங்கைக்கு வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டும், தள்ளிப்போட்டால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கியே போகும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவின் மகள் தலைமாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் வாய் திறப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார். பின்னாலேயே பச்சை.

"எவ்வளவு செலவானாலும் கம்பெனி பாத்துக்கும்மா. நான் இருக்கேன்" என்றார் முதலாளி. அக்காவின் மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒண்ணே ஒண்ணுதான். நடந்ததை நீ உன் வாயால சொல்லணும். நான் போன்ல எடுத்துக்கறேன். இந்தப் பொண்ணு யாருக்கும் தெரியாம போனைத் துணிக்குள்ள ஒளிச்சு வச்சா, அதான் வெடிச்சுது. அவ்வளவுதான்."

புதுசுவின் முகம் வெளுத்தது.

"யாருக்கும் தெரியாமலா?" என்றேன் நான். "பச்ச... சார், நீங்க சொல்லுங்க. வைக்கச் சொன்னது யாரு?"

பச்சை சன்னல் பக்கம் பார்த்தார்.

"வேலை செய்ற எடத்துல போன் கூடாதுன்னு போர்டே இருக்கு" என்றார் முதலாளி.

"எந்தப் போர்டு சார்? எங்க இருக்கு?"

"நாளைக்கு மாட்டிடுவாங்க."

"மணிக்கு மணி முகத்தைக் காட்டுன்னு சொன்னது நீங்க. போன் இல்லாம எதைக் காட்டறது? முதுகையா?"

"நீ வாயை மூடு. உன்கிட்ட நான் பேசலை." அக்கா பக்கம் திரும்பினார். "இதோ பாரும்மா. கம்பெனி மேல தப்புன்னு வந்தா ஆஸ்பத்திரி ஆர்டர் போயிடும். ஆர்டர் போனா எல்லாரும் வயித்துல ஈரத்துணி போட்டுக்க வேண்டியதுதான். இவ ஒருத்தி போனா எல்லாருக்கும் நல்லது. உன் கையும் பிழைக்கும்."

ஓர் ஆளைப் பலிகடா ஆக்குவதை இவ்வளவு கனிவாகச் சொல்ல முதலாளிகளுக்குத்தான் வரும். புதுசு கட்டிலருகே போய் மண்டியிட்டாள்.

"சொல்லிடுக்கா" என்றாள். "நான் வேற வேலை தேடிக்கறேன். எனக்கு ரெண்டு கையும் இருக்கு. உனக்குக் கை போனா திரும்பி வருமா? என் போனாலதானே ஆச்சு. சொல்லிடு."

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அக்கா சொன்னாலும் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

"போனை எடுங்க சார். பேசறேன்" என்றாள் அக்கா.

முதலாளி தன் பளபளக்கும் போனை எடுத்து நீட்டினார். அக்கா தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டாள்.

"உறைக்குள்ள போனைத் தூங்கவச்சது நாங்க எல்லாரும். என் போனும் அங்கதான் தூங்கும். வைக்கச் சொன்னது கம்பெனி ஆளு. உருளை முன்னாடி நிக்கறவ கண்ணை எடுக்கக் கூடாது. என் கண்ணை எடுக்க வச்சது உங்க செயலி. இந்தப் பொண்ணு மேல பழி போட்டு வாங்கற கை எனக்கு வேணாம் சார்."

முதலாளி படமெடுப்பதை நிறுத்தினார். எங்கள் கண்முன்னாலேயே அதை அழித்தார். "அப்ப உங்க பாடு. நாளையிலேருந்து இந்தப் பொண்ணு உள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பச்சை ஒரு நிமிடம் தயங்கி நின்றார், பிறகு அவரும் பின்னாலேயே போனார்.

ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே நின்று நாங்கள் பேசினோம். தகவல் தெரிந்து இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். வேலையை நிறுத்திவிடலாம் என்றேன் நான். மாமாதான் மறுத்தார்.

"மேல படுத்திருக்கறவங்களுக்கு விரிப்பு வேணும்மா. நம்ம அக்காவும் அதுலதான் படுத்திருக்கா. துணி துவைக்காம இருக்க வேணாம். முகம் காட்டாம இருப்போம். போனை வீட்லயே வைங்க, இல்ல அணைச்சு வைங்க. வேலை செய்வோம், வந்தோம்னு அவங்களே கண்ணால பாத்து எழுதிக்கட்டும். அக்கா வைத்தியம் கம்பெனி செலவு. புதுசு உள்ள வரணும். இதான் பேச்சு."

எல்லாரும் சரி என்றார்கள். ஒருவன் மட்டும், "என் போன் தானாவே அணைஞ்சுதான் இருக்கு, அதுக்கு முன்னாடியே கொள்கை தெரிஞ்சிருக்கு" என்றான். அந்த நேரத்திலும் சிரித்தோம்.

மறுநாள் விடியற்காலையில் போனால் வாசலில் பூட்டு. உள்ளே கம்பிக் கதவருகே முதலாளியும் பச்சையும்.

"செயலியில வராதவங்களுக்கு வேலை இல்ல. முகம் காட்டறவங்க மட்டும் சின்னக் கதவு வழியா வாங்க" என்றார் முதலாளி.

ஒருவரும் நகரவில்லை. வாசலில் அப்படியே உட்கார்ந்தோம். வேலை செய்ய வந்தவர்கள் வெளியே, பூட்டிவைத்தவர் உள்ளே. துணி வண்டி வந்தது. வண்டிக்காரர் இறங்கி எங்களையும் பூட்டையும் பார்த்தார். "பூட்டினவரே வந்து எறக்கிக்கட்டும்" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். வெயில் ஏறியது. மூட்டைகளிலிருந்து நாற்றமும் ஏறியது. உள்ளே முதலாளியின் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிதான். இந்த ஊரில் நல்ல போன் அவரிடம்தான் இருந்தது, அதற்குப் பதில் சொல்லத்தான் அவரிடம் விரிப்பு இல்லை.

கடைசியில் கம்பிக்கு அருகே வந்து, புதுசுவை மட்டும் கூப்பிட்டார்.

"சரி. நீ வேலைக்கு வா. உன்மேல நடவடிக்கை கிடையாது. அந்தம்மா வைத்தியமும் நான் பாத்துக்கறேன். ஆனா செயலி செயலிதான், அதுல மாத்தமில்ல. இவங்களை எழுப்பி உள்ள கூட்டிக்கிட்டு வா."

புதுசு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு வேலை, அக்காவுக்குக் கை, இரண்டும் அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தன. ஒரு தலையசைப்புப் போதும். "அக்காவைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?" என்றாள்.

நான் என் போனை உயிர்ப்பித்து அக்காவுக்கு அடித்தேன். மகள் எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். "வைத்தியம் பாக்கறேங்கிறாரா..." என்றாள் அக்கா. "நீங்க..." அவ்வளவுதான். என் போன் செத்துவிட்டது. வளைக்க வயரும் இல்லை, வைக்கக் கல்லும் இல்லை. இன்னொருவர் போனில் பேச்சுக்கான காசு தீர்ந்திருந்தது. மாமாவின் போன் எழுந்து, வணக்கம் சொல்லி, மறுபடி படுத்துக்கொண்டது. வண்டிக்காரர் போனில் நாங்கள் பேசுவது அந்தப் பக்கம் கேட்கவே இல்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன எனக்கு.

முதலாளி சிரித்தார். "இந்தப் போனை வச்சுக்கிட்டா போராட்டம் பண்ண வந்தீங்க?"

"இந்தப் போனை வச்சுக்கிட்டுத்தான் சார் உங்க கம்பெனி இத்தனை நாள் ஓடுச்சு" என்றார் மாமா. பிறகு புதுசுவிடம் திரும்பினார். "ஏம்மா, அக்கா என்ன சொல்லுவான்னு தெரிஞ்சுக்க நமக்கு போன் வேணுமா? நேத்து நம்ம முன்னாடிதானே சொன்னா?"

புதுசு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கம்பிக் கதவருகே போனாள்.

"இன்னிக்கு நான் மட்டும் பிழைச்சு உள்ள வந்தா, நாளைக்கு உருளை முன்னாடி வேற ஒருத்தி ஒரு கையில போனோட நிப்பா. அந்தக் கைக்கு யாரு சார் பதில் சொல்றது? போன் இல்லாம கதவைத் தொறங்க. எல்லாருக்கும் தொறங்க. அக்கா வைத்தியத்துக்கு எங்க முன்னாடி வாக்குக் குடுங்க. அப்ப வர்றேன்."

"அப்ப உனக்கு வேலை இல்ல. அந்தம்மாவுக்குப் பைசா கிடையாது" என்று கத்திவிட்டு முதலாளி உள்ளே போனார். பூட்டு பூட்டாகவே தொங்கியது. புதுசு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். அக்காவின் வைத்தியத்துக்கு முதலில் யார் யார் என்ன தரமுடியும் என்று மாமா விசாரிக்க ஆரம்பித்தார். பக்கத்து ஆலையில் இருந்து இரண்டு பேர் வந்து, தங்களிடமும் அதே செயலி இருக்கிறது என்று சொல்லி நின்றார்கள்.

சற்று நேரத்தில் சின்னக் கதவு திறந்தது. பச்சை வெளியே வந்தார். கையில் போன் இல்லை. எங்கள் எதிரே வந்து, யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உறைக்குள்ள வைக்கச் சொன்னது நான்தான். அந்த அடுக்கை அள்ளிட்டுப் போய்ப் போட்டதும் நான்தான்" என்றார். "எங்க வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை, கெட்ட வார்த்தைகள் வரிசையாக வந்தன. நேற்று சன்னலைப் பார்த்த கண் இது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். புதுசு என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டாள்.